பெயர் தெரியாத சின்னக் கல்லூரியில் பி.காம். சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தங்கை பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து 600க்கு 471 வாங்கியிருக்கிறார். கோவையிலும் திருச்சியிலும் விண்ணப்பித்த பெரிய கல்லூரிகளில் பி.காம். கிடைக்கவில்லை. பரமத்தி வேலூரிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. வணிகப் படிப்புகள் மட்டும்தான், மொத்தமே நானூறு சொச்சம் பிள்ளைகள். நோட்டீஸில் ‘படிப்போடு வேலை, 100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கே சேர்க்கலாமா, இல்லை ஒரு வருஷம் பொறுத்து மறுபடி முயலலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பெயர் தெரியாத கல்லூரியில் வாங்கும் பட்டத்தை நாளைக்கு யாராவது மதிப்பார்களா என்பது ஒன்று. அந்த பிளேஸ்மென்ட் பேச்சை நம்பலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு, ஒரே நாளில் விசாரித்து முடித்துவிடலாம். இரண்டாவதற்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது. கொடுக்கிறவரிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த மாதிரிச் சுயநிதிக் கல்லூரிகளில் பல வருஷம் காமர்ஸ் பாடம் எடுத்திருக்கிறேன். அதன்பின் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டு, புதிதாக வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்கிற வேலையும் என்னிடம் வந்தது. ஆக, மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். நான் பார்த்தது கரூர், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் வட்டாரம். சென்னையில் பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கும் விதம் வேறு. நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டம். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென்று சட்டப்படி அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டும்தான் உண்டு. 1956ஆம் வருஷத்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி சின்னதோ பெரியதோ, அது ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்றிருக்க வேண்டும். காவிரிக்கு உங்கள் பக்கம் நாமக்கல் மாவட்டம், அங்கே என்றால் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம். ஆற்றைத் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் இருந்தால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்துத்தான் இருக்கும். அதே பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பெயர் பெற்ற கல்லூரிப் பிள்ளைக்கும் அதே பட்டம்தான். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., எம்.காம்., எம்.பி.ஏ., பி.எட். எதற்கு விண்ணப்பித்தாலும் சின்னக் கல்லூரி என்பதற்காக யாரும் தள்ளமாட்டார்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சந்தேகம் வரவேண்டிய இடம் வேறு. குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு இந்த வருஷம் இணைப்பு இருக்கிறதா என்று பல்கலைக்கழக இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலில் பாருங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருப்பதும் படிப்புக்கு இணைப்பு இருப்பதும் ஒன்றல்ல. புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு ‘அனுமதி வந்துவிடும்’ என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் உண்டு. பி.பி.ஏ., பி.சி.ஏ. என்றால் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் சேர்ந்து வந்திருக்கிறது. பி.காம்.முக்கு அது கிடையாது, பல்கலைக்கழக இணைப்புப் போதும். இன்னொரு தந்திரமும் நடக்கிறது. தினமும் வகுப்பு, சீருடை, அடையாள அட்டை எல்லாம் இருக்கும். ஆனால் பிள்ளையின் பெயர் வேறெங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பதிவாகியிருக்கும். தொலைதூரப் பட்டத்தையே தப்பு என்று சொல்லவில்லை, யு.ஜி.சி. அங்கீகாரத்தோடு நடப்பது செல்லும். ஆனால் நேரடி வகுப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு தொலைதூரச் சான்றிதழ் கொடுப்பதும், தனியார் மையங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை வாடகைக்கு எடுத்து நடத்துவதும் விதிமீறல். போன வருஷம் முடித்த ஒருவரின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

‘கல்லூரி’ என்று போடாமல் ‘பிசினஸ் ஸ்கூல்’, ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மேனேஜ்மென்ட்’ என்று மட்டும் பலகை இருந்தால் கூடுதலாக விசாரியுங்கள். ஐ.ஐ.பி.எம். என்ற நிறுவனம் ஒரு காலத்தில் எல்லா நாளிதழ்களிலும் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் எதுவும் அதற்கு இல்லை. 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ., பிசினஸ் ஸ்கூல் என்ற சொற்களையே அது பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. அவ்வளவு பெரிய விளம்பரத்துக்கே அந்த நிலை. ஆகவே நோட்டீஸின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சான்றிதழில் யார் பெயர் வரும் என்று கேளுங்கள்.

படிப்பின் பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வருஷா வருஷம் சேர்க்கை மேஜையில் இதைப் பார்த்திருக்கிறேன். ‘பி.காம். சி.ஏ.’ என்றால் ஆடிட்டர் படிப்பு என்று நினைத்து, பெருமையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பெற்றோர் நிறையப் பேர். அந்த சி.ஏ. என்பது கணினிப் பயன்பாடு. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. வேறு, அதை நடத்துவது ஐ.சி.ஏ.ஐ. என்ற தனி அமைப்பு. இதுபோல பி.காம்.மில் வங்கியியல், காப்பீடு, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், புரொபஷனல் அக்கவுண்டிங், இ-காமர்ஸ் என்று வால்கள் நிறைய உண்டு. எந்த வாலைக் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் இறக்கி, ஃபினான்ஷியல் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்ட் அக்கவுண்டிங், வருமான வரி, ஜி.எஸ்.டி. ஆகியவை எத்தனை பருவத்தில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை குறைந்து, பெயர் நன்றாக ஒலிக்கும் பாடங்கள் கூடியிருந்தால் வால் இல்லாத பி.காம்.மே மேல். அரசு வேலைக்கு இன்ன பட்டம் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்கும் இடங்களில், பெயர் மாறிய பட்டத்துக்கு, அது கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். வால் இல்லாத பி.காம். என்றால் அந்தத் தலைவலியும் இல்லை.

பட்டம் சரி என்றானபிறகு கல்லூரியை எப்படி எடை போடுவது? கட்டடத்தையும் ஏ.சி. போட்ட கணினி அறையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: ஆசிரியர்கள் நிலைக்கிறார்களா? சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் குறைவு, அதனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் பருவத்தில் ஒருவர், நடுவில் ஒருவர், தேர்வுக்கு முன் நோட்ஸ் கொடுக்க ஒருவர் என்று காஸ்ட் அக்கவுண்டிங் நடந்தால் பிள்ளை பாஸ் பண்ணலாம், பாடம் வராது. கணக்குப் பாடம் ஒரே ஆளிடம் தொடர்ந்து படித்தால்தான் கைக்கு வரும். சின்னக் கல்லூரிக்கு என்று ஒரு லாபம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். வகுப்பில் நாற்பது ஐம்பது பேர், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த ஜூனிலும் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த லாபமும் கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் எல்லாரும் பத்து வருஷ அனுபவம் என்பார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம், ‘அக்கவுண்ட்ஸ் யார் எடுக்கிறாங்க, போன வருஷமும் அவங்கதானா, எத்தனை பேருக்கு அரியர்?’ என்று கேளுங்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் சான்று, பரிசு, கோப்பை எதுவும் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும். நாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கல்லூரியின் ஆவணங்கள் ஒழுங்காக இருப்பதை ஓரளவு காட்டும். உங்கள் தங்கைக்கு யார் பாடம் எடுப்பார் என்பதைக் காட்டாது.

இனி அந்த நூறு சதவீதம். இது எல்லாக் கல்லூரியிலும் பொய் என்று சொல்லமாட்டேன். எதை வேலை என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று கம்பெனிகள் கடிதம் கொடுத்தால் மூன்று என்று எண்ணும் வழக்கம் உண்டு. ‘மேல்படிப்பு போகிறேன், சொந்தத் தொழில் பார்க்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களில் நூறு சதவீதம் என்று போடுவார்கள். காப்பீட்டு ஏஜென்ட் வேலையை ‘ஃபினான்ஷியல் அட்வைசர்’ என்று எழுதியிருப்பார்கள். அதில் நிரந்தரச் சம்பளம் இல்லாமல் கமிஷன் மட்டும் இருக்கலாம். ஆகவே பிளேஸ்மென்ட் அலுவலரிடம் சதவீதத்தைக் கேட்காதீர்கள். போன வருஷம் பி.காம். முடித்தவர்களில் இன்றைக்கு வேலையில் இருக்கும் ஐந்து பேரின் பெயரும், அவர்கள் பார்க்கும் வேலையின் பெயரும் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் அவர்களிடம் பேசுங்கள். நல்ல கல்லூரி சந்தோஷமாகப் பேச வைக்கும். ‘அதெல்லாம் கொடுக்க மாட்டோம்’ என்று முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்கும் கன்சல்டன்ஸியோடு கல்லூரிக்குத் தொடர்பு இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

போஸ்டரில் போடும் சம்பளத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ‘ஆண்டுக்கு 2.4 லட்சம்’ என்றால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் நினைப்பார்கள். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தரப்பு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,440 ரூபாய். மாதச் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு வரும், அதில் முதலாளி பங்கு 3.25 சதவீதம். இவற்றைக் கழித்தால் சம்பளச் சீட்டில் ஏறக்குறைய 18,000 நிற்கும். அதிலிருந்து பிள்ளையின் பங்காக இன்னொரு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் போனால் கையில் 16,400 அளவுக்கு வரும். பி.எஃப். நம் பணம்தான், வீணாகாது. ஆனால் சென்னையில் விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் அந்தக் கைக்காசில்தான் நடக்க வேண்டும். வந்த மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களும் கல்லூரிப் போஸ்டரில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை உங்கள் தங்கையே போட்டுப் பார்க்கட்டும், பி.காம்.முக்கு நல்ல முதல் பயிற்சி.

சரி, கல்லூரி வேலை வாங்கித் தராது என்றால் எது தரும்? நான் நேர்காணல் செய்த பிள்ளைகளில் எடுபட்டவர்களை யோசித்துப் பார்த்தால், பெரும்பாலோர் மத்தியானத்தை வீணாக்காதவர்கள். இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பு ஒன்றரை இரண்டு மணிக்கு முடிந்துவிடும். வீடு பக்கம், பஸ் அரை மணி நேரம். ஆக, மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை, மூன்று வருஷம் கையில் இருக்கிறது. தூரத்துப் பெரிய கல்லூரியில் சேர்ந்து, தினம் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் வரும் பிள்ளைக்கு இது கிடையாது. சின்னக் கல்லூரியின் நோட்டீஸில் இதைப் போடுவதில்லை, ஆனால் அது கொடுப்பதில் விலை மதிப்புள்ளது இதுதான் என்பது என் கருத்து. சேரும் முன் வகுப்பு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஸ்கில் ட்ரெய்னிங்’ என்று சொல்லி ஐந்து மணி வரை உட்கார வைத்து, பவர்பாயின்ட் காட்டி அனுப்பும் கல்லூரி என்றால் நான் சொல்லும் கணக்கு மாறிவிடும்.

முதல் வருஷ மத்தியானத்துக்குத் தட்டச்சு. சிரிக்காதீர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலம் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45 சொல். ஆங்கிலமும் தமிழும் சீனியர் முடித்து, அதே இயக்ககத்தின் கணினி ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் வைத்திருந்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு ஒரு தனிக் கதவு திறக்கிறது. அரசு வேலைக்குப் போகாவிட்டாலும், விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டும் ஆளுக்கும் ஒற்றை விரலில் தேடும் ஆளுக்கும் இடையே கணக்கு அலுவலகத்தில் உள்ள வித்தியாசம் அரை மணி நேரத்தில் தெரியும்.

இரண்டாம் வருஷம் ஒரு ஆடிட்டர் அலுவலகம். கரூரிலும் நாமக்கல்லிலும் ஆடிட்டர்களுக்கும் வரி ஆலோசகர்களுக்கும் பஞ்சமில்லை. அரை நாள் வந்து பில் பதிந்து கொடுக்கும் பிள்ளை அவர்களுக்கு எப்போதும் தேவை. காசு பெரிதாகக் கொடுக்கமாட்டார்கள், ஆரம்பத்தில் கொடுக்காமலே இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்பது உடம்பில் ஏறிவிடும். 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1, 14ஆம் தேதி சப்ளையர்கள் தாக்கல் செய்ததிலிருந்து உருவாகும் கொள்முதல் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்து நிற்கும், 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. சப்ளையர் பில் போட்டிருப்பார், ஆனால் அவர் தாக்கல் செய்யாததால் நம்முடைய 2பி-யில் அது வந்திருக்காது, உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாமல் முதலாளி கத்துவார். அந்தப் பில்லை டேலி என்ற கணக்கு மென்பொருளில் கண்டுபிடித்து, எக்ஸலில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, சப்ளையருக்குப் போன் போட்டுப் பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சான்றிதழே தேவையில்லை. எந்தக் கல்லூரி வகுப்பறையிலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது, பெரிய கல்லூரியிலும்தான். ஒரு எச்சரிக்கை: இப்படி அரை நாள் போவது சி.ஏ.வுக்கான ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) ஆகாது. அதற்கு ஐ.சி.ஏ.ஐ.யில் முறையாகப் பதிய வேண்டும். ‘இதையே ஆர்ட்டிகிள்ஷிப்பாகக் காட்டிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நான் நேர்காணலில் கேட்கும் கேள்விகளைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சூரத்திலிருந்து நூல் வாங்கினால் எந்த வரி வரும், திண்டுக்கல்லிலிருந்து வாங்கினால் எந்த வரி? முன்னது வேறு மாநிலம், அதனால் ஐ.ஜி.எஸ்.டி.; பின்னது நம் மாநிலம், அதனால் மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி.யும். அதற்கு ஜர்னல் என்ட்ரி எழுது என்பேன். வங்கி பாஸ்புக்கில் ஒரு தொகை, நம் கணக்கில் வேறொரு தொகை, ஏன் என்பேன். இந்த இரண்டையும் ஒத்துப் பார்க்கும் பேங்க் ரீகன்சிலியேஷன் பிளஸ் ஒன் பாடம்தான். ஆனால் பட்டம் முடித்து வருபவர்களில் பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள், பெயர் பெற்ற கல்லூரியிலிருந்து வருபவர்களும் உட்பட. சரியாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. விண்ணப்பத்தில் இருந்திருக்கும், கண் போயிருக்காது. இந்த வட்டாரத்தில் நடுத்தர நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆள் எடுக்கின்றன.

ஆனால் சின்னக் கல்லூரியில் இழப்பே இல்லை என்று சொன்னால் பொய். மூன்று விஷயங்களில் அடி விழும். முதலாவது, பெரிய கம்பெனிகள் அங்கே கேம்பஸுக்கு வருவதில்லை. கோவை, சென்னையில் கணக்கு வேலைகளை மொத்தமாகச் செய்யும் பெரிய நிறுவனங்கள் தெரிந்த நான்கைந்து கல்லூரிகளுக்குப் போய் வேண்டியவர்களை அள்ளிக்கொள்ளும். உங்கள் தங்கை வெளியிலிருந்து விண்ணப்பித்துத்தான் நுழைய வேண்டும், அது கஷ்டம். அங்கேயும் ‘பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது’ என்ற வரம்பு சாதாரணமாக இருக்கும். 471 என்பது 78 சதவீதத்துக்கு மேல், ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் கவலையில்லை. கல்லூரியில் ஒரு அரியர்கூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆங்கிலம். வகுப்பு முழுக்கத் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள், ஆசிரியரும் தமிழிலேயே விளக்குவார். பாடம் புரிய அது நல்லதுதான், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதும் பழக்கம் தானாக வராது. மூன்றாவது, கூடப் படிப்பவர்கள். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி சி.ஏ. படித்தால் நாமும் படிப்போம். பெரிய கல்லூரியின் உண்மையான பலம் ஆசிரியரைவிட அந்தப் பக்கத்து பெஞ்ச்தான் என்று நினைக்கிறேன். சின்னக் கல்லூரியில் அது இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆடிட்டர் அலுவலகம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும், அங்கே சி.ஏ. படிக்கும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் கதவு எதுவும் மூடவில்லை. பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023-ல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சி.எம்.ஏ.விலும் பட்டதாரிக்கு நேரடி இன்டர்மீடியட் உண்டு. வங்கிக் கிளார்க் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அண்ணா பல்கலைக்கழகத்திலோ பிற கல்லூரிகளிலோ எம்.பி.ஏ. என்றால் டான்செட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பேசும். கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.எம்.களில் மதிப்பெண்கள் கணக்கில் வரும், ஊர்க் கல்லூரியின் பெயர் அல்ல. சி.ஏ. எல்லாருக்கும் ஆகும் என்று நான் சொல்லமாட்டேன், தேர்ச்சி விகிதம் குறைவான படிப்பு அது. கணக்கில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாத பிள்ளையா என்று முதல் வருஷம் முடிவில் வீட்டிலேயே தெரிந்துவிடும், அப்போது முடிவு செய்யலாம்.

ஒரு வருஷம் பொறுப்பது பற்றி: வேண்டாம். பி.காம். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடப்பது, அடுத்த வருஷமும் அதே 471தான் கையில் இருக்கும். நீட் போல மறுபடி எழுதி ஏறும் விஷயம் அல்ல இது. ஆனால் காத்திருக்காமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பக்கத்தில் அரசுக் கலைக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி இரண்டிலும் காலியிடம் இருக்கிறதா என்று சேர்க்கை முடியும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள். கட்டணம் சொற்பம், அரசுக் கல்லூரிகளில் தேர்வாகி வந்த நிரந்தர ஆசிரியர்களும் இருப்பார்கள். உதவி பெறும் கல்லூரியில் காலை ஷிஃப்ட் உதவி பெறும் பிரிவாகவும் மாலை ஷிஃப்ட் சுயநிதியாகவும் இருப்பதுண்டு. ஒரே பெயர், ஒரே கட்டடம், கட்டணம் மட்டும் வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே சேருங்கள்.

சுயநிதிக் கல்லூரிதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம், பஸ், சீருடை, ‘பயிற்சிக் கட்டணம்’ எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதல் வருஷம் குறைத்து வாங்கி இரண்டாம் வருஷம் ஏற்றுவது சகஜம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத் திறன் பயிற்சிகள் இணைப்புக் கல்லூரிகளிலும் நடக்கின்றன, அவற்றுக்கு மாணவர் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. அதற்கும் சேர்த்துப் பயிற்சிக் கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேட்கலாம். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் அதை விரிவாக்கினார்கள். கல்லூரி அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், நினைவூட்டாவிட்டால் மறந்துவிடுவார்கள். அசல் சான்றிதழ்களை, மாற்றுச் சான்றிதழ் உட்பட, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும், சேர்க்கையை ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்றும் யு.ஜி.சி. 2018-ல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கடைசிச் சேர்க்கைத் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால், ஒரு சிறு நிர்வாகச் செலவைப் பிடித்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் தர வேண்டும். நடைமுறையில் சுலபமாகத் தரமாட்டார்கள், ஆனால் அந்த அறிவிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு மாறும். எல்லாப் பணத்துக்கும் ரசீது வாங்குங்கள், ‘பில்டிங் ஃபண்ட்’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கட்டாதீர்கள்.

கல்லூரியின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம். எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, பி.காம்.மில் எந்தப் பிரிவு, வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, இந்த மூன்றை மட்டும் இதன் கீழே எழுதுங்கள். பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.